கன்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம் ஒலிக்கும் ஷட்டர் அலாரம்

லாரி கடக்கும்போதெல்லாம் கடை ஷட்டரின் அலாரம் ஒலிக்கிறது, அதிர்வு சென்சாரின் உணர்திறனைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், சென்சாரின் அதிர்வு எண்ணிக்கையை, அதாவது எத்தனை அதிர்வுகளுக்குப் பின் அலாரம் ஒலிக்க வேண்டும் என்ற அமைப்பை, ஒன்றிலிருந்து மூன்றாக உயர்த்துங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் லாரி இறங்கும் ஒற்றை அதிர்ச்சிக்கு உங்கள் கடை அலாரம் நள்ளிரவில் ஒலிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

சென்சாரை இருபக்க டேப்பால் ஷட்டர் தகட்டிலேயே ஒட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகவே இருக்கலாம். தளர்ந்த தகடு முரசுத்தோல் போல் சிறு அதிர்வையும் பெரிதாக்கும். சுவரில் பதிந்த இரும்புச் சட்டத்தில் சென்சாரைத் திருகாணியால் இறுக்குங்கள்.

பிறகு அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலைச் சோதனை நிலையில் வைத்து, சென்சாருக்கு மிகத் தொலைவிலுள்ள ஷட்டர் மூலையில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்குப் பேனல் ஒலிக்கக் கூடாது. அடுத்தடுத்த தட்டுகளுக்குக் கட்டாயம் ஒலிக்க வேண்டும். அதன் பின்னும் லாரிக்கு ஒலித்தால் மட்டுமே உணர்திறனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

எண்ணிக்கையை உயர்த்திய சென்சார், கடப்பாரையால் ஒரே நெம்பில் தூக்கப்படும் ஷட்டரைத் தவறவிடக்கூடும். ஆகவே ஷட்டர் திறக்கப்படுவதை உணரும், அடியிலுள்ள காந்த சென்சாரை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.