சமூகப்பணி பட்டம் படிக்க இரக்க குணம் போதுமா?

‘எனக்கு இரக்க குணம் அதிகம், எல்லாரும் என்னிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள், சமூகப்பணி பட்டம் எனக்குச் சரிவருமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும். ஆனால் அந்த இரக்கத்தைத்தான் முதலில் பிடித்து உலுக்குவார்கள்.

சமூகவியல், உளவியல், சட்டம், ஆய்வு முறை என்று தாள்கள் இருக்கும், உட்கார்ந்து படித்தால் பாஸ். ஆளைப் போட்டுப் புரட்டுவது ஃபீல்ட் ஒர்க், அதாவது நேரில் ஆட்களைச் சந்தித்துச் செய்யும் களப்பயிற்சி. இங்கிலாந்தில் திறன் பயிற்சி நாட்களையும் சேர்த்து 200 நாள் அதற்கே போய்விடும்.

நான் முதலில் போன வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். முதியோர் இல்லத்தில் சேர்க்க மகனுக்கு விருப்பம், பாட்டி மசியவில்லை. ஒரு மணி நேரம் அனுசரணையாகப் பேசிவிட்டு வந்து, நடந்த பேச்சை வரிக்கு வரி எழுதிக் கொடுத்தேன் (ப்ராசஸ் ரெக்கார்டிங் என்பார்கள், எல்லாரும் திட்டிக்கொண்டே எழுதுவது). சூப்பர்வைசர் படித்துவிட்டு, நான் பேசியதைப் பச்சையிலும் பாட்டி பேசியதைச் சிவப்பிலும் கோடு போடச் சொன்னார். பக்கம் முழுக்கப் பச்சை. சிவப்பில் இருந்த நாலைந்து வரிகளில் ஒன்று: ‘ராத்திரி சமையலறை விளக்கை நான் அணைக்கிறதே இல்லை.’ அதற்கு நான், ‘சரி பாட்டி, மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுறீங்களா?’ என்று படிவத்தின் அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அந்த விளக்கைப் பற்றி மட்டும் கேட்டேன். இருட்டில் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறார், மகனுக்குத் தெரிந்தால் இல்லத்துக்கு அனுப்பிவிடுவான் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது மகனிடம் சொல்வதா வேண்டாமா? சமூகப்பணிப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக், உதவி கேட்டு வருபவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று 1957இல் எழுதிய ஏழு கொள்கைகளில் ரகசியம் காப்பதும் உண்டு, முடிவை அவரவரே எடுக்க விடுவதும் உண்டு. ஏழையும் மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கிய ஆள்தான் நான், அன்று ஒன்றும் ஓடவில்லை. சூப்பர்வைசரிடம் பேசி, பாட்டியிடம் இரண்டு தடவை பேசி, கடைசியில் பாட்டியே மகனிடம் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். குளியலறையில் கைப்பிடி பொருத்தினார்கள்.

பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளில் பதிவு இல்லாமல் ‘சமூகப்பணியாளர்’ என்று போட்டுக்கொள்ளவே சட்டம் விடாது. அதனால் சேருமுன் உங்கள் நாட்டில் பதிவு கட்டாயமா, பதிவு செய்யும் அமைப்பு அந்தப் படிப்பை ஏற்கிறதா என்று பாருங்கள், கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள். அப்புறம், மாணவர்கள் எழுதும் ரெக்கார்டிங்கை யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்று அங்கே படித்தவர்களிடம் விசாரியுங்கள். சில இடங்களில் கையெழுத்து மட்டும்தான் விழும்.