மூன்று மாதத்துக்கு மூட்டை அடுக்கலாமா?

காங்கயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை. அத்தைக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின் போடுகிறோம். மறுபடியும் கொரோனா மாதிரி ஏதாவது வந்தால் தடுமாறக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஐந்து சிப்பம் அரிசி, இரண்டு டின் எண்ணெய், ஒரு மூட்டை பச்சைப்பயறு வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். போன தடவை வாங்கிய பயறு பூராவும் வண்டு விழுந்து மாட்டுக்குத்தான் போனது. எவ்வளவு வாங்கலாம்? எப்படிக் கெடாமல் வைப்பதுங்க?"

உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது நியாயமானதுதான். 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி, கோவை உட்பட சில மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். திருப்பூருக்கும் சேலத்துக்கும் 28 வரை. மளிகைக் கடைகூடக் கிடையாது. நடுவில் இருந்தது ஒரே நாள். அந்த 25-ஆம் தேதி கடைகளில் மொய்த்த கூட்டம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். நோய் பரவக் கூடாது என்று போட்ட ஊரடங்குக்கு முந்தின நாள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் பத்து நாள் சாமான் இருந்தவர்கள் அன்றைக்கு வாசலைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு வாங்க வேண்டாம். அன்றாடம் சாப்பிடுகிற சாமான் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். ராகி, உப்பு, புளி மாதிரித் தானாகவே நின்று பிடிக்கிறவை மட்டும் மூன்று மாதத்துக்கு இருந்தால் போதும். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய பட்டியலில் அரிசி, எண்ணெய், பயறு இருக்கிறது. தண்ணீர் இல்லை, அடுப்பு இல்லை, மருந்து இல்லை. நம் பக்கத்தில் முதலில் கையை விரிப்பது இந்த மூன்றும்தான்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் கோவை, திருப்பூர், ஈரோட்டில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஆயிரம் அடி போர் இருந்தாலும் கரண்ட் இல்லாவிட்டால் ஒரு குடம் தண்ணீர் மேலே வராது. ஆர்ஓ மெஷினும் ஓடாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் வைத்தால், உங்கள் வீட்டுக்கு 25 லிட்டர், ஒரு வாரத்துக்கு 175 லிட்டர். குளிக்க, கழுவ, கக்கூசுக்கு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகப் பார்த்தாலும் ஆளுக்கு 15 லிட்டர் வேண்டும். ஆக, குடிதண்ணீருக்கென்று 200 லிட்டர் டிரம் ஒன்று தனியாக இருக்கட்டும். புழங்குவதற்குத் தரைத்தொட்டி இருந்தால், கரண்ட் இருக்கும்போதெல்லாம் அதை நிறைத்துவைக்கும் பழக்கம் வேண்டும்.

டிரம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். திருப்பூர் சுற்று வட்டாரத்தில் பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கும். அதில் பல, சாயமோ கெமிக்கலோ வந்த டிரம்கள். எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. உணவுப்பொருள் வைப்பதற்கென்றே செய்த புது டிரம்மாக வாங்குங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டையைத் தண்ணீர் விளிம்பை ஒட்டிச் சுவரில்தான் இடும். அந்த முட்டை காய்ந்து கிடந்து, மாதங்கள் கழித்துத் தண்ணீர் பட்டாலும் பொரிக்கும். சும்மா அலசினால் போகாது. வாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, அதற்கு மேல் மூடி போடுங்கள். தண்ணீர் மேல் சந்தேகம் வந்தால் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். காஸை மிச்சப்படுத்த வேண்டிய நேரமென்றால் குளோரின் மாத்திரை இருக்கிறது. அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு. போட்டு ஒரு மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். மாத்திரையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

அடுப்புக்கு: 14.2 கிலோ சிலிண்டர் ஐந்து பேருக்கு ஒரு மாதம், கொஞ்சம் கூடுதலாகவும் வரும். இரண்டு சிலிண்டர் இணைப்பு இல்லையென்றால் எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள். ஒன்று தீர்ந்து மாட்டிய அன்றைக்கே அடுத்ததைப் பதிவு செய்தால், எப்போதும் ஒன்று நிறைந்து இருக்கும். கசிவு வாடை அடித்தால் 1906. கிராமத்து வீடு என்பதால் தேங்காய்த் தொட்டிக்கும் தென்னை மட்டைக்கும் உங்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூட்டை காயவைத்து நனையாமல் ஒதுக்குங்கள். விறகோ கரியோ வெளியே, காற்றோட்டத்தில் மட்டும் எரிய வேண்டும். மழை என்று கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பெட்ரோல் கேனை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

காஸ் குறைவாகச் செலவாகிற சமையல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அரிசிம்பருப்புச் சோறு ஒரே குக்கரில் முடிந்துவிடும். கொள்ளுப் பயறை முதல் நாள் இரவே ஊறவைத்தால் பாதி நேரத்தில் வேகும். மிஞ்சின ராகிக் களியைத் தண்ணீரில் போட்டால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மறுநாள் காலைக்கு ஆகும்.

இனி தானியம். ஐந்து பேருக்குச் சராசரியாக ஆளுக்கு 350 கிராம் என்றால் மாதம் ஐம்பத்திரண்டு கிலோ சொச்சம். இப்போது சிப்பம் 26 கிலோவாக வருகிறது. அப்படியென்றால் இரண்டு சிப்பம். அதிலும் ஒன்றுதான் அரிசியாக இருக்க வேண்டும். ரேஷன் அரிசி வாங்குகிறீர்கள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள். மீதிக்கு ராகி, கம்பு. புழுங்கலரிசி நன்றாகத் தீட்டியதாக இருந்தால் நாள்பட நிற்கும். கைக்குத்தல் அரிசி உடம்புக்கு நல்லது, ஆனால் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சில மாதத்திலேயே சிக்கு வாடை வந்துவிடும். சேமிக்க அது வேண்டாம்.

ராகியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொடித் தானியம், பூச்சிக்கு உள்ளே நுழைந்து குடும்பம் நடத்த இடமில்லை. நன்றாகக் காயவைத்த ராகி வருடக்கணக்கில் கெடாது. மழை பொய்த்த வருடங்களுக்கென்று குதிரில் ராகியைப் போட்டுவைத்த நம் பெரியவர்கள் இதை அறிந்துதான் செய்தார்கள். மூன்று மாதத்துக்கு எதையாவது வைக்க வேண்டும் என்றால் இதைத்தான் வைக்க வேண்டும். கம்பும் முழுதாக இருந்தால் நிற்கும். மாவாக அரைத்தால் கதை வேறு. கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல், அரைத்த சில நாளிலேயே மாவு கசக்கத் தொடங்கும். அதனால் தானியமாக வைத்து, அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் மில்லும் ஓடாது என்பதால் ராகி மாவு மட்டும் இரண்டு கிலோ எப்போதும் கைவசம் இருக்கட்டும், தீரத் தீர மாற்றிக்கொள்ளலாம். திருகைக் கல் இருந்தால் தூசி தட்டி எடுத்து வையுங்கள்.

அடுத்து, உங்களை வதைத்த அந்தப் பயறு. ஒரு பச்சைப்பயறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோலின் மேல் குண்டூசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டின் முட்டை. பெரும்பாலும் காட்டிலேயே, காய் முற்றும்போதே அது ஒட்டிவிடுகிறது. உள்ளிருந்து வருகிற புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப் போய்த் தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். நம் வெக்கைக்கு இதெல்லாம் சுமார் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு பெண் வண்டு எண்பது, நூறு முட்டை இடும். வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த மூட்டை மூன்றாம் மாதம் மாவாகக் கொட்டுவது இதனால்தான். உங்கள் பராமரிப்பில் குறையில்லை, மூட்டைக்குள்ளேயே வந்தது அது.

இதற்கு முதல் வழி, முழுப் பயறாக மூட்டை வாங்காமல் உடைத்துத் தோல் நீக்கிய பருப்பாக வாங்குவது. இந்த வண்டுக்குத் தோலோடு உள்ள முழுப் பயறுதான் தோது. ஆளுக்கு 60 கிராம் என்றால் மாதம் 9 கிலோ. துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் ஏழு கிலோ, கொள்ளு இரண்டு கிலோ என்று பிரித்துக்கொள்ளலாம். முழுப் பயறு வேண்டும் என்றால் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு, மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்தால் பல்லில் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். பிறகு நிழலில் முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு டப்பாவில் கொட்டினால் உள்ளே வியர்த்து, பூஞ்சை பிடிக்கும். ஆறியதும் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெயோ கடலெண்ணெயோ விட்டுக் கையால் பிசறி, காற்றுப் புகாத டப்பாவில் வாய்மட்டத்துக்கு நிரப்புங்கள். எண்ணெய் பட்ட பயறில் முட்டை ஒட்டிப் பொரிக்காது. துவரையைச் செம்மண் கட்டி வைப்பது, அதாவது செம்மண்ணைக் கரைத்துப் பூசிக் காயவைப்பது, இன்னும் பழைய முறை, அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

அரிசியை மட்டும் வெயிலில் போடாதீர்கள், வெடித்து நொறுங்கும். வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் பூச்சியை ஓரளவு அண்டவிடாது. ஏற்கெனவே விழுந்த வண்டைக் கொல்லாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறி ஒன்று உண்டு: துளை போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். அரிசிக்குள் செருகிவிட்டால் காற்றைத் தேடி வருகிற வண்டு துளைக்குள் புகுந்து அடியில் விழுந்துவிடும். கெமிக்கல் எதுவும் வேண்டியதில்லை.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். குடோனில் போடுகிற செல்பாஸ் மாத்திரையை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வீட்டில் வைக்காதீர்கள். அது காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பைன் என்ற விஷவாயுவை விடும். அதற்கு மாற்று மருந்தே இல்லை. பக்கத்து அறையில் தூங்குகிற பிள்ளைகள் வரைக்கும் அந்த வாயு போகும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய சரக்கு அது. அரிசியில் போரிக் பவுடர் கலக்குவதும் வேண்டாம்.

வண்டு விழுந்ததைப் புடைத்து மாட்டுக்குப் போட்டது சரி. பூஞ்சை பிடித்த தானியத்தையோ கடலையையோ அப்படிப் போடக் கூடாது. அந்த நஞ்சு பாலில் இறங்கி, பிள்ளைகளின் டம்ளருக்கே திரும்பி வரும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

எண்ணெய் மாதம் நாலு லிட்டர் போதும். 15 கிலோ டின் வேண்டாம், திறந்த நாளிலிருந்து காற்றுப் பட்டுச் சிக்கு ஏறும். ஒரு லிட்டர் பாக்கெட்டாக வாங்கி இருட்டில் வையுங்கள். புளி, வரமிளகாய், மஞ்சள், உப்பு, வெல்லம் தாராளமாக இருக்கலாம். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது காற்றாட அடுக்கி மூடி, மாதக்கணக்கில் வைக்கிற ஊர் நம்முடையது. வீட்டளவில் தாளோடு கொத்தாகக் கட்டிக் காற்றாடத் தொங்கவிட்டால் போதும். உரிக்காத முற்றிய தேங்காய், கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், கொல்லையில் ஒரு முருங்கை. காய்க்குக் கவலையில்லை.

அத்தையின் மருந்துக்கு வருவோம். டாக்டரிடம் நிலைமையைச் சொல்லி, ஒரு மாத இன்சுலினும் ஊசியும் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப்பும் கூடுதலாக எழுதி வாங்குங்கள். திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கிப்போட வேண்டியதுதான். திறந்து பயன்படுத்துவது, பெரும்பாலான வகைகளில், 25 முதல் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். நம் ஏப்ரல், மே வெயிலில் கரண்ட் போனால் அறை அந்தக் குளிர்ச்சியில் இருக்காது. அப்போது பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதில் சின்னப் பானை ஒன்றைப் புதைத்து, மருந்தை நனையாமல் கவரில் சுற்றி அதற்குள் வைத்து மூடுங்கள். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மணலை ஈரமாகவே வைத்திருந்தால் நன்றாகக் குளிரும். இன்சுலின் போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ அவர் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் கொடுக்க ஓஆர்எஸ் பாக்கெட் பத்து. அது தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உங்களுக்கு நாப்கின் மூன்று மாதத்துக்கே வாங்கி வைக்கலாம், கெடாத பொருள். டார்ச், பேட்டரி, சோப்பு. டவர் போனால் ஜிபே வேலை செய்யாது, நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் ரொக்கம்.

காவிரி, பவானிக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 2018 ஆகஸ்டில் பவானியிலும் குமாரபாளையத்திலும் வீடுகளுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்தபோது கீழ்த்தளத்துச் சிப்பத்தைத் தூக்க நேரமில்லை. அவர்கள் ரேஷன் கார்டு, மருந்து, மூன்று நாள் உணவு அடங்கிய ஒரு பையைத் தயாராக வைத்துவிட்டு, மற்றதை மேலே ஏற்ற வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

இதையெல்லாம் ஒரே நாளில் வாங்காதீர்கள். பதற்றத்தில் நாலு பேர் மூட்டை மூட்டையாகத் தூக்கினால், அன்றன்றைய கூலியில் அரைக் கிலோ பருப்பு வாங்குகிற மில் தொழிலாளிக்குக் கடையில் மிஞ்சாது. ஊர் அமைதியாக இருக்கும்போது, மாதாந்திரச் சாமானோடு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டி வாங்கினால் மூன்று, நாலு மாதத்தில் சேர்ந்துவிடும். புதிதாக வந்ததைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் எடுங்கள், டப்பா மேல் தேதியை எழுதுங்கள். இந்த மாதம் இன்சுலின் சீட்டும் தண்ணீர் டிரம்மும். அடுத்த மாதம் இரண்டாவது சிலிண்டரும் பருப்பும். ராகியை அறுவடை முடிந்து விலை இறங்கும்போது விவசாயியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.