கிராஸை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் சார்,

பழைய ராணுவப் பதக்கங்கள் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். அதிகாரிகள் வாங்கியவை மட்டும்தான், சிப்பாய்களுடையதில் ஆர்வமில்லை. முதல் உலகப் போரில் இருந்த ஒரு பிரிட்டிஷ் கேப்டனின் செட் கிடைத்தது: மிலிட்டரி கிராஸ், 1914-15 ஸ்டார், பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம். கடைசி மூன்றும் எங்கும் கிடைப்பவை என்பதால் விற்றுவிட்டு, கிராஸை மட்டும் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். அது கறுத்திருக்கிறது. எந்தப் பாலிஷ் நல்லது? ரிப்பனை மாற்றலாமா?

கே.

அன்புள்ள கே,

ரிப்பன் கதையை அப்புறம் பார்க்கலாம். அந்த மூன்றையும் இன்னும் விற்றிருக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். செட்டைப் பிரிக்கிற இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது, சரியாக உங்கள் கடிதம் வந்தது.

கிராஸைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். 1914 டிசம்பரில் வீரத்துக்காக ஏற்படுத்திய அந்த விருதைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள், சிலர் பிறகு சொந்தச் செலவில் பொறித்துக்கொண்டதோடு சரி. இப்போது நீங்கள் விற்கப் பார்க்கும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தை, அதாவது அந்த வெள்ளிப் பதக்கத்தை எடுத்து, விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் பதவியும் பெயரும் இருக்கும். வெற்றிப் பதக்கத்திலும் அப்படியே. ஆனால் பிரிட்டிஷ் அதிகாரிகளுடைய இந்த இரண்டிலும் பொதுவாக ரெஜிமென்ட் இருக்காது, அது இருப்பது ஸ்டாரின் முதுகில். ஒரே பெயரில் இரண்டு கேப்டன்கள் இருந்துவிட்டால், ஸ்டார் இல்லாமல் நீங்கள் தலைகீழாக நின்றாலும் இவர் யாரென்று சொல்ல முடியாது. (ஸ்டாரில் லெப்டினன்ட் என்றிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். போர்முனைக்கு முதலில் வந்தபோது இருந்த பதவி அது.) ரெஜிமென்ட் தெரிந்தால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடலாம், எந்த இரவில் என்ன செய்ததற்காகக் கிராஸ் கொடுத்தார்கள் என்பதுகூடக் கிடைக்கலாம். மூன்றையும் விற்றால்? யாருடையது என்றே தெரியாத ஒரு வெள்ளித் துண்டுதான் மிஞ்சும்.

எனக்கு விளிம்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு முதியவர். அவரிடம் ஒரு அதிகாரியின் வெற்றிப் பதக்கம் தனியாக இருந்தது. அதன் ஜோடி வெள்ளிப் பதக்கத்தைக் கடைசிவரை தேடினார், எந்த ஏலப் பட்டியல் வந்தாலும் முதலில் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார். 1980ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறியபோது இந்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. "அதுவும் அப்படிப் போயிருக்கும்" என்பார். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். யாரோ ஒருவர் பிரித்துவிட்டார், அதைச் சேர்த்துவைக்க இவர் தன் முதுமையைச் செலவழித்தார். அந்த யாரோ ஒருவராக நீங்கள் ஆக வேண்டாம், கே.

அப்புறம், அதிகாரிகள் மட்டும் என்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபமே வந்தது. ஒரே பதுங்குகுழி, ஒரே இரவு, ஒரே துணிச்சல். அதிகாரிக்குக் கிராஸ், சிப்பாய்க்கு 1916இல் வந்த மிலிட்டரி மெடல். இந்தப் பிரிவினை 1993 வரை நீடித்தது. அந்த மெடலின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கிறது, உங்கள் கிராஸைவிட அது அதிகம் பேசும். அதே போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பிய வெண்கலத் தகட்டில் பதவியே போடவில்லை, வெறும் பெயர்தான். சாவில் மேல் கீழ் பார்க்கக் கூடாது என்று அந்த அரசுக்கே தோன்றியிருக்கிறது. உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

பாலிஷ் எதுவும் வேண்டாம். அந்தக் கேப்டனின் வீட்டார் வருடா வருடம் துடைத்து எழுத்து மழுங்கியிருந்தால் அது அந்தப் பதக்கம் வாழ்ந்த வாழ்க்கை, அதில் நீங்கள் கைவைக்காதீர்கள். ரிப்பன் இற்றுப்போயிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

ஸ்டாரின் பின்பக்கத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். கெஜட்டில் நானும் தேடுகிறேன்.