82 வயதில் எதற்கு ஒரு கட்சி?

கேள்வி: சிங்கப்பூரில் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கிய ஜே.பி. ஜெயரத்னம், 82 வயதில் இன்னொரு கட்சி ஆரம்பித்தது பதவி ஆசையால்தானே?
– வாசகர், ஈசூன்

பதில்: முதலில் ஒரு திருத்தம். பாட்டாளிக் கட்சியைத் தொடங்கியவர் டேவிட் மார்ஷல், 1957ல். அது படுத்துக் கிடந்த காலத்தில், 1971ல், தலைமைச் செயலாளராக வந்தவர்தான் ஜெயரத்னம்.

பதவி ஆசை என்கிறீர்கள். உச்ச நீதிமன்றப் பதிவாளர் வேலையை 1963ல் விட்டு வந்த மனிதர் அவர். 1972 முதல் 1980 வரை ஐந்து முறை தேர்தலில் நின்று ஐந்திலும் தோற்றார். ஆறாவதுதான் 1981 அக்டோபர் 31 ஆன்சன் இடைத்தேர்தல். அந்தத் தொகுதியின் பிளேர் பிளேன் பகுதியில் துறைமுக ஊழியர்கள் குடியிருந்த வீடுகளை இடிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று சொல்லியிருந்த நேரம். மாற்று வீட்டுக்கு எங்கே போவது என்ற கோபம் ஓட்டுப் பெட்டி வரை வந்தது. 653 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, 1965க்குப் பிறகு தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போன முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆனார்.

ஆன்சனுக்கு ஒரு ராசி உண்டு. 1961ல் அங்கே வென்றவர் மார்ஷல். 1979ல் வென்ற தேவன் நாயர், மலேசியாவில் ஜனநாயக செயல் கட்சியைத் தொடங்கியவர். அவர் சிங்கப்பூர் அதிபரானதால்தான் இடைத்தேர்தலே வந்தது. கட்சி கண்ட மூன்று பேருக்கு ஒரே தொகுதி!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1986ல் ஜெயரத்னத்தின் நாடாளுமன்றப் பதவி போனது. அவதூறு வழக்குகளின் இழப்பீட்டுத் தவணையில் சிக்கி 2001ல் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டார்; அப்படிப்பட்டவர் தேர்தலில் நிற்க முடியாது. தம் புத்தகங்களைத் தெருவோரம் நின்று தாமே விற்றார். 2007ல் கடனைக் கட்டி வெளியே வந்தபோது, பாட்டாளிக் கட்சி லோ தியா கியாங் தலைமையில் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. மறுபடி அரசியலுக்கு வர அவருக்கு ஒரு கட்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அப்படித் தொடங்கிய சீர்திருத்தக் கட்சியை அவர் பெரிதாக வளர்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். 2008 ஜூலையில் பதிவானது, செப்டம்பர் 30ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்தவர் மகன் கென்னத். வாரிசு அரசியல் என்று அதைக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மூன்று மாதம்கூட முழுதாகக் கிடைக்காத கட்சியில், ஒரு தேர்தலில்கூட நிற்காமல், அவர் எந்தப் பதவியை அனுபவித்தார் என்று நீங்கள்தான் அடுத்த கடிதத்தில் சொல்ல வேண்டும்.