முதல்ல வெட்னரி டாக்டர், அப்புறம்தான் லாடக்காரர்

புதுப் புல்லுல மேய விட்டதுலேர்ந்து குதிரை முன்னங்கால் ரெண்டையும் ஊன மாட்டேங்குது, லாடக்காரரைக் கூப்பிடவா மசாஜ் தெரபிஸ்ட்டையான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு ரெண்டு பேரும் இப்ப வேணாங்க, இன்னைக்கே டாக்டர். பின்னாடி சாஞ்சு, முன்னங்காலை முன்னால நீட்டி நிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அது லேமினைட்டிஸா, அதாவது குளம்புக்குள்ள சுவரையும் எலும்பையும் சேத்துப் பிடிச்சிருக்குற திசு வீங்கி வலிக்கிற நோயா இருக்க ரொம்ப வாய்ப்பு. குளம்புக்கு மேல, கணுவுக்குப் பின்பக்கம் விரல் வெச்சுப் பாருங்க, நாடி திம்திம்னு அடிச்சா சந்தேகம் இன்னும் பலமாகும். டாக்டர் வர்ற வரைக்கும் நடக்க வைக்காதீங்க, தானியமும் மேய்ச்சலும் கட், காஞ்ச புல் மட்டும், குளம்பை ஐஸ் தண்ணியில வைங்க, கீழ மெத்துனு கனமா படுக்கை போடுங்க. எக்ஸ்ரே எடுத்து உள்ள எலும்பு திரும்பியிருக்கான்னு பாத்தப்புறம் அந்தப் படத்தை வெச்சு லாடக்காரர் குளம்பைச் சீவணும். குளம்போட வெளிச்சுவர் முழுசா புதுசா வளர 9லேர்ந்து 12 மாசம் ஆகும், பொறுமையா இருங்க. மசாஜெல்லாம் வலி அடங்கினப்புறம் பாத்துக்கலாம். டாக்டர் என்ன சொன்னார்னு இங்க போடுங்க, காத்திருக்கேன்.