மாமியின் கோப்பையில் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 34 வயது, கணவருக்கு 38. வலிகாமத்தில் இருக்கிறோம். இவருக்கு மேசன் வேலை. முன்பு கிழமையில் ஆறு நாளும் வேலை இருந்தது, இப்போது இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. மூன்று பிள்ளைகள், மாமியோடு வீட்டில் ஆறு பேர். தேங்காயும் மரக்கறியும் மீனும் தொட முடியாத விலை. கடையில் கடன் ஏறிக்கொண்டு போகிறது. சண்டைக்காலத்தில் எங்கள் ஆட்கள் ஒன்றுமில்லாமலே சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை, ஒன்றும் நினைவில்லை. அந்தச் சமையல் முறைகளை எழுதினால் உதவியாக இருக்கும். பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு கொடுக்க முடியவில்லையே என்பதுதான் கவலை. மாமியால் கரைச்சல் இல்லை. முட்டை, மீன் கிடைத்தால் பிள்ளைகளுக்கும் இவருக்கும் வைத்துவிட்டு, மாமிக்குப் பழஞ்சோறும் சம்பலும் கொடுத்துவிடுவேன். சண்டைக்காலத்தைக் கண்டவர்தானே, அவருக்கு அது பழக்கம். செலவைக் குறைக்க வேறு என்ன செய்யலாம்?
— வாசகி, வலிகாமம்

பதில்: பிள்ளை, விலைவாசியைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. இதே பாட்டைச் சொல்லும் கடிதங்கள் என் மேசையில் கட்டாகக் கிடக்கின்றன. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எப்போது சரியாகும் என்று எனக்குத் தெரியாது. சமையல் முறைகள் சொல்கிறேன். ஆனால் "அவருக்கு அது பழக்கம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்த பிறகு மற்ற எதிலும் என் மனம் போகவில்லை.

அந்தப் பழக்கம் மாமிக்கு எப்படி வந்தது?

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது உங்கள் கணவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்திருப்பார். மின்சாரம் நின்றது, பிறகு வருஷக்கணக்கில் வரவில்லை. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை. எப்படியோ உள்ளே வந்து சேர்ந்ததும் ஆனை விலை, குதிரை விலை. உங்கள் மாமி அந்த வீட்டில் என்ன செய்தார் என்று நான் காணவில்லை. ஆனால் அந்த ஐந்து வருஷமும் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்த பெண்களில் நானும் ஒருத்தி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல் மாதிரி ஒரு திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். காயப்போட்டால் வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும், அதற்கும் காவல் இருக்க வேண்டும். தேத்தண்ணீருக்குச் சீனி கிடையாது. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி, ஒரு கடி, ஒரு மிடறு. பிள்ளைகளுக்குப் பெரிய துண்டு, எங்களுக்குச் சின்னத் துண்டு, பல நாள் அதுவும் இல்லை. "அம்மா, உங்களுக்கு?" என்று பிள்ளை கேட்டால் "எனக்கு இனிப்புப் பிடிக்காது" என்போம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், சனம் எல்லாம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அன்று உங்கள் கணவருக்கு எட்டு வயது. உங்களுக்கு நாலு. ஒன்றும் நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த நாட்களின் பசி நினைவில் தங்கவில்லை என்றால், யாரோ ஒரு பெண் தன் பங்கை உங்களுக்கு ஊட்டியிருக்கிறாள் என்று அர்த்தம்.

பழக்கம் அப்படித்தான் வந்தது. மகன் வளர வேண்டும் என்று அவர் தன் பங்கைக் குறைத்தார். முப்பது வருஷம் கழித்து, அந்தக் குறைந்த பங்குதான் அவருடைய அளவு என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். கடன்பட்ட வீடு, கடன் தந்தவரிடமே மறுபடி வாங்கிக்கொண்டிருக்கிறது. கடைக்காரரின் கொப்பியில் இருக்கும் கடன் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியவில்லை.

பழஞ்சோற்றைக் குறைவாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அம்மா காலையில் சட்டியோடு குசினி வாசலில் இருப்பார். நேற்றைய சோறு, நேற்றைய மீன்குழம்பின் அடி, கொஞ்சம் தேங்காய்ப்பால், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். எல்லாவற்றையும் குழைத்து உருண்டையாக்கி, சுற்றியிருக்கிற ஒவ்வொரு கையிலும் முறை வைத்து வைப்பார். அப்பாவின் கையிலும் அதுதான், ஆச்சியின் கையிலும் அதுதான். அதைப்போல ருசியான சாப்பாடு நான் பிறகு எங்கும் சாப்பிடவில்லை. உங்கள் வீட்டிலும் ஆறு பேரும் பழஞ்சோறு சாப்பிட்டிருந்தால் இந்தப் பதிலில் ஒரு கோபமும் இருந்திருக்காது. நாலு கோப்பையில் மீன் இருக்கும்போது மாமியின் கோப்பையில் மட்டும் பழஞ்சோறு வைக்கிறீர்களே, அதுதான் பிழை.

"மாமியால் கரைச்சல் இல்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பசியைச் சொல்லாதவரைக் கரைச்சல் இல்லாதவர் என்று எண்ணக் கூடாது. இதை எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். எங்கள் மாமா, என் கணவரின் அப்பா, ஒவ்வொரு இரவும் "எனக்குப் பசியில்லைப் பிள்ளை, சின்னனுகளுக்குக் குடு" என்பார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, பானையில் சோறு அவ்வளவுதான் இருந்தது. 1996 சித்திரையில் நாங்கள் வீடு திரும்பினோம், மாமா திரும்பவில்லை. மாசி மாதத்திலேயே போய்விட்டார். கடைசியில் சட்டையைக் கழற்றிக் குளிப்பாட்டியபோதுதான் அவர் எவ்வளவு மெலிந்திருந்தார் என்று கண்டேன். வயது, வருத்தம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம், மற்றவர்கள் சொன்னார்கள். ஒருநாளாவது "இல்லை மாமா, சாப்பிட்டுத்தான் எழும்ப வேண்டும்" என்று நான் கோப்பையை முன்னால் வைக்கவில்லை. அதனால்தான் உங்களோடு இவ்வளவு கடுமையாகக் கதைக்கிறேன்.

வயது போனால் சாப்பாடு தேவையில்லை என்பது சுத்தப் பிழை. தசை கரைகிற வயது அது. முட்டையும் மீனும் பருப்பும் வளரும் பிள்ளைக்கு எப்படி வேண்டுமோ அப்படியே அவருக்கும் வேண்டும். பலமில்லாமல் கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்தால், இதுவரை மிச்சம் பிடித்த முட்டைக் காசு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஓட்டோவுக்கே காணாது.

சரி, சண்டைக்காலச் சமையல் கேட்டீர்கள். அந்தச் சமையலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எதையும் தனியாக ஒருவருக்கு எடுத்து வைக்க முடியாது. அறக்குளா மீன் ஆறு துண்டு வாங்கினால் நடுத்துண்டு யாருக்கு, வால் யாருக்கு என்ற கேள்வி வரும். அதை விடுங்கள். சூடை, நெத்தலி என்று விலை குறைந்த சின்ன மீனை வாங்கிப் புளிவிட்டு ஒரே சட்டியில் வையுங்கள். அகப்பையில் வருவது எல்லோருக்கும் ஒன்றுதான். மாமிக்குப் பல் இல்லையென்றால் நெத்தலி நல்லது, முள் தொந்தரவு குறைவு. மூன்று முட்டையை அவித்தால் மூன்று பேருக்குத்தான் முட்டை. அதே மூன்றை முருங்கையிலை வறையில் உடைத்து ஊற்றிக் கிண்டினால் ஆறு பேருக்கும் முட்டை. முருங்கையிலை வேலியில் சும்மா நிற்கிறது. தேங்காய்க்கு விலை என்றால் பாதித் தேங்காயைத் துருவி, முதற்பாலைச் சொதிக்கு எடுத்து வைத்து, இரண்டாம் மூன்றாம் பாலில் மரக்கறியை அவியுங்கள். பிழிந்த பூவை எறியாமல் இந்த வறைக்கே போடுங்கள். மரவள்ளி மலிவாகக் கிடைக்கும் நாளில் ஒருநேரச் சோற்றை நிறுத்தலாம். மூடாமல் நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து, தண்ணீரை வடித்துவிட்டு, பச்சைமிளகாய்ச் சம்பலோடு வையுங்கள்.

அப்புறம் கூழ். ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்சிய வீட்டை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள், காய்ச்சவும் முடியாது. மீன் தலை, நண்டு, நாலு இறால், மரவள்ளித் துண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி என்று இருக்கிறதைப் போட்டு அவியவிட்டு, ஊறவைத்துத் தண்ணீர் வடித்த ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, புளியோடும் அரைத்த செத்தல் மிளகாயோடும் கரைத்து ஊற்றிக் காய்ச்சுவது. மீன் இல்லாத நாளில் மரக்கறியோடு மட்டும் காய்ச்சினோம். முற்றத்தில் எல்லோரும் வட்டமாக இருந்து, பனையோலைப் பிளாவில் ஊதி ஊதிக் குடிப்போம். ஒடியல் மா இப்போது பொட்டலமாக வெளிநாட்டுக்குப் போகிறது, கடையில் வாங்கினால் மலிவு இல்லை. ஆனால் ஓகஸ்ட், செப்டெம்பரில் பனங்காணிகளில் பழம் விழுந்து அழுகிக் கிடக்கிறது. காணிக்காரரைக் கேட்டுப் பொறுக்குங்கள். விதையைப் பாத்தி போட்டால் மழையோடு முளைத்து, தை மாசியில் கிழங்கு கிளறலாம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடிக்க. பாத்தி போட உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டு விறாந்தையில் இருப்பவருக்குத் தெரியும்.

அடுப்பும் அப்படித்தான். 2022இல் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது, பனையின் பன்னாடையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) வைத்து அடுப்பு மூட்ட எத்தனை வீட்டில் ஆச்சிமார்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கணவர் மேசன், மரக்காலைக்காரரைத் தெரிந்திருக்கும், மரத்தூள் சும்மா வாங்கலாம். பழைய தகரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, நடுவில் போத்தலை நிறுத்தி, ஓட்டைக்குள்ளால் ஒரு தடியைப் போத்தலின் அடிவரைக்கும் விட்டு, சுற்றிவர மரத்தூளை இறுக்கி அடைத்த பிறகு இரண்டையும் மெதுவாக உருவுங்கள். கீழே தீ வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும்.

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இருக்கும் வீட்டில், அவருடைய அம்மாவின் கோப்பையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கிறாரா? பார்க்கவில்லை என்றால் அது அவருடைய பிழை. பார்த்தும் பேசாமல் மீனைச் சாப்பிடுகிறார் என்றால் அது பெரிய பிழை. இந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

உங்களுடைய கோப்பையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. நீங்களும் அரைவயிறுதான் என்று நினைக்கிறேன். அதுவும் வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது பிள்ளை: உங்கள் அரைவயிற்றை நீங்களே தீர்மானித்தீர்கள். மாமியின் அரைவயிற்றையும் நீங்களே தீர்மானித்தீர்கள், அவரைக் கேட்கவில்லை.

மே மாதம் வந்தால் முள்ளிவாய்க்கால் கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறோம். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் அதுவும் இல்லாமல் போனவர்களை நினைத்துக் கண் கலங்குகிறோம். அந்தக் கஞ்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து "இதுதான் எங்கள் ஆட்கள் குடித்தது" என்று சொல்கிறோம். அதே பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அப்பம்மாவின் கோப்பையைப் பார்ப்பார்கள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சாப்பாட்டை எப்படிப் பங்கு போடுவது என்று உங்களிடம்தான் பழகுகிறார்கள்.

நாளைக்குச் சமைத்ததும் ஆறு கோப்பையையும் ஒன்றாக அடுக்கி வையுங்கள், பிறகு பரிமாறுங்கள். முதல் அகப்பை மாமிக்கு. "எனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு வை" என்று கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். அவர் பக்கத்தில் நீங்களும் இருந்து சாப்பிடுங்கள்.

கூழுக்கு எவ்வளவு மா, எத்தனை தரம் தண்ணீர் மாற்றுவது, புளி எவ்வளவு என்று நான் எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. மாமியிடம் கேளுங்கள். அவர் சொன்னபடி காய்ச்சி, ஆறு பேரும் குடித்த பிறகு எனக்கு எழுதுங்கள். அவருடைய அளவுகளை அப்படியே இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.