வாசகர் கேள்விகள்: உறைந்த கடலைத் துளைப்பது எப்படி?

போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல் ஆர்க்டிக் பனியில் ஓராண்டு சிக்கிக் கிடந்ததாகப் படித்தேன். அது விபத்தா? (ஆசிரியர், திண்டுக்கல்)

விபத்து இல்லை. வேண்டுமென்றேதான் சிக்கவைத்தார்கள். ஜெர்மனியின் துருவ ஆய்வு அமைப்பான ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனம் நடத்திய, மொசைக் என்று பெயரிட்ட ஆர்க்டிக் ஆய்வுப் பயணம் அது. 2019 செப்டம்பர் 20 அன்று நார்வேயின் டிரோம்சோவிலிருந்து புறப்பட்ட கப்பல், அக்டோபர் 4 அன்று வடக்கு 85 டிகிரி அருகே ஒரு பெரிய பனித்திட்டில் தன்னைக் கட்டிக்கொண்டது. அதன்பின் கப்பலைக் கொண்டுபோனது பனிதான். நார்வேயின் துருவப் பயணி நான்சென் 1893-ல் ஃப்ராம் கப்பலில் செய்த அதே உத்தி. பனியுடைக்கும் கப்பல்கள் பெரும்பாலும் கோடையில்தான் அந்த வட்டாரத்துக்குப் போகும். குளிர்காலப் பனி எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அங்கேயே தங்கியாக வேண்டும்.

2020 ஜூலை 31 அன்று, கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் இடையிலுள்ள ஃப்ராம் நீரிணை அருகே அந்தத் திட்டு உடைந்தது. இந்தப் பயணத்தில் ஒரு வருத்தம் உண்டு. திட்டு உடைவதற்கு முன்பே, கொரோனா காரணமாக ஆள் மாற்றுவதற்குக் கப்பலே திட்டை விட்டு ஸ்வால்பார்ட் பக்கம் போய் வர வேண்டியதாயிற்று. மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை, அதாவது பனி உருகத் தொடங்கும் அந்த முக்கியமான வாரங்களில், தானியங்கிக் கருவிகள் மட்டுமே அங்கே வேலை செய்தன.

பனித்தண்டு எடுப்பது என்கிறார்களே, அதை எப்படிச் செய்கிறார்கள்? குழல் மாட்டிக்கொள்ளாதா? (போர்வெல் தொழில் செய்பவர், நாமக்கல்)

மாட்டிக்கொள்ளும். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது உடனே விளங்கும். பனியை மேலிருந்து அடிவரை உருளையாக வெட்டியெடுக்கும் மாதிரிதான் பனித்தண்டு. கருவி, 9 செ.மீ. விட்டமுள்ள தண்டை வெட்டித் தரும் ஒரு மீட்டர் நீள உள்ளீடற்ற குழல். வெளிப்பக்கம் திருகுப் புரி, அடியில் வெட்டுக் கத்திகள், உட்புறம் தண்டைக் கவ்வும் சிறு நாக்குகள், மேலே மோட்டார்.

முதலில் பனிக்கட்டி மேல் கிடக்கும் உதிர்பனியின் ஆழத்தை அளந்து எழுதிவிட்டுத்தான் அதை ஒதுக்க வேண்டும். ஒதுக்கியபின் அந்த எண் திரும்பக் கிடைக்காது. குழலைச் செங்குத்தாக இறக்கி, 20-30 செ.மீ.க்கு ஒருமுறை தூக்கித் துருவலை வெளியேற்ற வேண்டும். ஒரு மீட்டர் முடிந்ததும் தண்டை எடுத்துவிட்டு, குழலுக்கு மேல் நீட்டுக் கம்பி பூட்டி அடுத்த மீட்டருக்குப் போவார்கள். அடி நெருங்கும்போது கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பனி முடிந்த நொடியில் கடல்நீர் குபுகுபுவென்று துளையில் ஏறும்.

மாட்டிக்கொள்வது ஏன்? காற்று மைனஸ் 30 டிகிரி, குழலும் அதே குளிர். பனிக்கட்டியின் அடியிலோ மைனஸ் 1.8 டிகிரிதான். அங்குள்ள ஈரத்துருவல் குளிர்ந்த குழலில் பட்டதும் உறைந்து பிடித்துக்கொள்ளும். ஆகவே துளைக்குள் குழலை வைத்துக்கொண்டு சுழற்சியை நிறுத்தவே கூடாது. சிக்கிவிட்டால் முரட்டுத்தனமாக இழுப்பதும் தவறு: இணைப்பு ஊசி முறிந்தால் குழல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். பக்கத்திலேயே துளை போட்டு விடுவிக்கலாம். வெந்நீரோ உறைதடுப்பானோ ஊற்றினாலும் குழல் வந்துவிடும், ஆனால் அந்தத் துளையில் மாதிரி எடுப்பது அத்துடன் முடிந்தது.

பனியின் தடிமனை அளக்க, துளைக்குள் நுனியில் மடங்கும் உலோகப் பட்டை உள்ள நாடாவை இறக்குவார்கள். மேலே இழுத்தால் பட்டை பனியின் அடிப்பரப்பில் குறுக்காக மாட்டும். ஒன்றரை மீட்டர் பனி ஏறத்தாழ 15 செ.மீ. மட்டுமே நீருக்கு மேல் நிற்கும். உதிர்பனிச் சுமை கூடினால் அதுவும் இல்லை, கடல்நீர் மேற்பரப்பிலேயே தேங்கும்.

ஒரே இடத்தில் நாலைந்து தண்டு எடுப்பது வீண் உழைப்பு இல்லையா? (கல்லூரி மாணவி, திருச்சி)

இல்லை. நீரைவிட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்தே தண்டு மாறத் தொடங்கிவிடுகிறது, அதுதான் காரணம். கடற்பனி முழுக்கத் திடப்பொருள் அல்ல. உறையும்போது ஒதுக்கப்பட்ட உப்பு, அடர்ந்த உவர்நீராக நுண்குழாய்களில் நிற்கிறது. தண்டைத் தூக்கியதுமே அது ஒழுகும். வெப்பநிலை பார்க்க, 5 செ.மீ.க்கு ஒன்றாகத் தண்டின் நடுவரை சிறு துளை போட்டு உணரியை நுழைக்க வேண்டும். சில நிமிடங்கள் தாமதித்தாலும் அளப்பது காற்றின் குளிரைத்தான். அதைச் செய்துகொண்டிருக்கையில் உவர்நீர் போய்விடும். எனவே வெப்பத்துக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, உயிரினங்களுக்கு ஒன்று, படிக அமைப்புக்கு ஒன்று.

உப்புக்கான தண்டை எடுத்ததும் படுக்கவைத்து, ரம்பத்தால் 5 அல்லது 10 செ.மீ. வில்லைகளாக அறுத்து, இறுக மூடும் டப்பாக்களில் போட வேண்டும். நிமிர்த்தி வைத்தீர்களானால் மேல்பகுதியின் உப்பு அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். கப்பலில் ஒவ்வொரு டப்பாவும் முழுதாக உருகிய பிறகே, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பார்க்கலாம். முதலில் உருகும் நீரில் உப்பு அதிகம், பாதியில் அளந்தால் எண் பொய் சொல்லும். கடல்நீரில் கிலோவுக்கு 34 கிராம் அளவில் உப்பு இருக்கும். ஒரே குளிர்காலத்தில் உருவான ஓராண்டுப் பனியில் பெரும்பாலும் 4 முதல் 6 கிராம்.

கடைசி வில்லையைக் கவனித்துப் பாருங்கள். அடியிலுள்ள சில செ.மீ. மெல்லிய தகடுகளாக, விரல்பட்டால் நொறுங்கும். வசந்தத்தில் பாசியால் பழுப்பாக இருக்கும். உவர்நீரை அதிகம் இழப்பது இந்த இடம்தான். ஆகவே ஆழத்துக்கு ஏற்ப உப்பைக் காட்டும் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அடி எண்ணைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ளுங்கள். பாசியுள்ள இந்தப் பனியை அப்படியே உருக்கினால், உப்பு திடீரெனக் குறைந்து செல்கள் வெடித்துவிடும். வடிகட்டிய கடல்நீர் சேர்த்து, இருட்டில், 4 டிகிரியில் மெதுவாக உருக்க வேண்டும்.

துருவக் கரடி வந்தால்? (வாசகர், மதுரை)

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு காவலர். அவர் கையில் துப்பாக்கியும் ஒளிக்குண்டும் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. மூடுபனியில் வேலை நிறுத்தம். துப்பாக்கியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவருவதும் ஆபத்து: ஈரம் படிந்து, வெளியே எடுத்ததும் உறைந்து இயங்காமல் போகும். பேட்டரிகளுக்கு நேர்மாறான விதி, அவற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆய்வில் சென்னைக்குப் பங்கு உண்டா? (வாசகி, தாம்பரம்)

உண்டு. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய, கடல்நீரின் வெப்பம், உப்பு போன்றவற்றை அளக்கும் இண்டார்க் கருவித்தொடர், 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃப்யோர்டன் என்ற கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது. கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்துடன் சேர்ந்து செய்த வேலை.

உவர்நீர் ஒழுகுவதை வீட்டிலேயே பார்க்க முடியுமா? (எட்டாம் வகுப்பு மாணவன், தென்காசி)

முடியும் தம்பி. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்துக்கொள். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, பக்கமும் அடியும் தெர்மகோலால் சுற்று; மேல்பக்கம் திறந்திருக்கட்டும், அப்போதுதான் கடலைப்போல மேலிருந்து உறையும். ஃப்ரீசரில் வைத்து, மேலே இரண்டு விரற்கடை கட்டியானதும் எடு. மேல்பரப்பை ஒருமுறை சட்டென்று அலசிவிட்டு, கட்டியை வடிகட்டியில் வைத்துச் சொட்டும் நீரை ஒரு கிண்ணத்திலும், மிச்சத்தை உருக்கி இன்னொரு கிண்ணத்திலும் பிடி. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.